சவ்வுக்குள் மாறிய ஓர் எழுத்து

என் அக்கா கட்டிக்கொண்டது எங்கள் அம்மாவின் கடைசித் தம்பியை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பேச்சுவார்த்தையே தேவையில்லை. தாய்மாமன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடினால்தான் ஏன் என்று கேட்பார்கள். என் தாத்தாக்கள் வாலாஜாபாத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். அம்மா காலத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு ஆண்கள் லாரி ஓட்டினார்கள், வெல்டிங் செய்தார்கள், சிலர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். வேலை மாறியது, ஊர் மாறியது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

மாமா ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டினார். அக்கா காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில், வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். சண்டை வந்தால் வாடா போடா என்பாள். அவர் சிரிப்பார்.

இளையவள் நான் படிப்பில் ஒட்டிக்கொண்டேன். சென்னையில் முனைவர் பட்டம் முடித்து ஓர் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தேன். தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலை ஒட்டிய தெருக்களில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. கொஞ்சம் தள்ளி, தறி ஓடுகிற வீடுகளுக்கு நடுவே ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அக்காவும் மாமாவும் அடுத்த தெரு.

என்ன வேலை செய்கிறாய் என்று அம்மா கேட்டால், புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்பேன்.

"மீன்ல, முட்டைல கீதே, அந்தப் புரதமா?"

"அதேதாம்மா."

"அதுக்கு இன்னா உருவம்?"

சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய எண்ணெய்த் தோல் ஒன்று இருக்கிறது. அதுதான் சவ்வு. அந்தத் தோலில் புதைந்து நின்று, எதை உள்ளே விடலாம், எதை வெளியே அனுப்பலாம் என்று பார்த்துக்கொள்பவை சவ்வுப் புரதங்கள். இவற்றைத் தனியே பிரித்தெடுத்து உருவம் பார்ப்பது கடினம். எண்ணெயை விட்டு வெளியே வந்தால் குலைந்துபோகும். ஆகவே எழுத்து வரிசையை வைத்துக் கணினியில் ஊகிக்கிறோம். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து. எண்ணெயோடு ஒத்துப்போகும் எழுத்துகள் தொடர்ந்து வந்தால், அந்த இடத்தில் சங்கிலி சவ்வை ஊடுருவிப் போகிறது என்று அர்த்தம். பழைய முறை அவ்வளவுதான். பிற்பாடு, ஒரே புரதம் மீனிலும் கோழியிலும் மாட்டிலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். எங்கோ தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு எழுத்துகள் எப்போதும் சேர்ந்தே மாறினால், மடிந்த உருவத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு செயற்கை நுண்ணறிவு நிரல்கள் வந்தன. எழுத்து வரிசையைக் கொடுத்தால் முழு உருவத்தையும் வரைந்து தருகின்றன. ஆயிரம் நாள் வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிடுகின்றனவே என்று எங்கள் குழுவில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள். என் பங்குக்கு வந்தவை பாக்டீரியாக்களின் புரதங்கள். மனித இதயத்துக்கும் என் வேலைக்கும் அப்போது எந்தத் தொடர்பும் கிடையாது.

அக்காவின் மூத்த பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. கைதட்டினால் திரும்பாததை அம்மாதான் முதலில் கவனித்தாள். அதற்கான பள்ளியில் சேர்த்தார்கள். கெட்டிக்காரி. வீட்டுக்குள் எங்களுக்கென்று ஒரு சைகை மொழியை அவளே உண்டாக்கிக் கொடுத்தாள். அவள் அப்பாவுக்கு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் ஒரு சைகை. எனக்கு, விரல்களால் காற்றில் தட்டச்சு. அக்காவுக்கு, புடவை முந்தானையை உதறி விரிப்பது.

அவள் அவ்வப்போது மயங்கி விழுவாள். முதல் தடவை கருட சேவை அன்று, வாண வேடிக்கைக்கு ஜனம் ஒதுங்கியபோது பலூன்காரன் பின்னால் ஓடினாள். ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள் என்பதுபோல் பார்த்தாள். டாக்டர் வலிப்பு என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டும் பள்ளி மைதானத்தில் ஒரு தடவை விழுந்தாள். மாத்திரையைக் கூட்டினார்கள். உறவில் ஒருவர் காத்து கருப்பு என்றார். அம்மா சர்ச்சுக்கு அழைத்துப்போய் ஜெபம் செய்வித்தாள்.

அதற்குள் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. அதற்கும் காது கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் கொட்டியது. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று செய்தி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் மணல். அதில் தண்ணீர் ஓடுகிறது என்றால் திருவிழா மாதிரி ஊரே கிளம்பும். பாலத்து மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், கரையில் பஜ்ஜிக் கடை போட்டார்கள். வேகமாக ஓடின இடங்களில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. வெள்ளம் வடிந்து, ஓரத்தில் தண்ணீர் பரந்து மெதுவாக ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா பெரியவளையும் அக்காவையும் பைக்கில் அழைத்துப்போனார். கைக்குழந்தையை எங்களிடம் விட்டிருந்தார்கள்.

அங்கே நடந்ததைப் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயங்கள் இவை: தண்ணீர் பெரியவர்களுக்கு முழங்கால்கூட இல்லை. மாமாவும் பெரியவளும் இறங்கினார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் அவள் குதித்துக் குதித்துச் சிரித்தாள். அக்கா கரையில் கடலை வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள், முகம் கடைப்பக்கம். சத்தம் கேட்டுத் திரும்பியபோது மாமா பெண்ணைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார். வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

நீரில் மூழ்கி மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாமா சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் கைய விடலக்கா. புடிச்சுக்கினேதான் இருந்தேன். புடிச்சிருக்கும்போதே கை தொளதொளன்னு ஆயிடுச்சு. அப்புறந்தான் விழுந்தா."

அம்மா அவர் தலையில் கை வைத்தாள். ஆனால் கேட்டாள். "விடாம இருந்தா எப்பிட்றா முழுவுவா? அந்தத் தண்ணில?"



கரையில் நின்ற யாரோ, மாமா செல்போனில் வீடியோ எடுத்தார் என்று சொன்னார்கள். இன்னொருவர், இல்லை, அவர் யாரையோ பார்த்துக் கையாட்டினார் என்றார். கல்லறைக்குப் போய்வருவதற்குள் கதை முடிவாகிவிட்டது. அப்பன் கையை விட்டான், காது கேட்காத பிள்ளை, கூப்பிட்டும் கேட்டிருக்காது, போய்விட்டது.

அக்கா அழவில்லை. அழாமலேயே, துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் அவரைப் பார்த்துச் சொன்னாள். "என் புள்ளைய முழுங்கிட்டு வந்து, கைய விடலன்னு பொய் வேற சொல்றியா நீ?"

பாஸ்டர் அவளைச் சமாதானப்படுத்தப் போனார். அவள் அவரைத் தாண்டிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்தாள். அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நாங்கள்தான் பிரித்தோம்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள் பஸ் ஓட்டப் போனார். ஒரு நாள் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு எடுக்கவே இல்லையாம். பின்னால் ஹாரன் அடித்தும், உள்ளே இருந்தவர்கள் கத்தியும் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அக்கா சோறு போட்டு வைப்பாள், பேச மாட்டாள். ஒரு காலையில் துணிப்பையோடு கிளம்பி வாலாஜாபாத்துக்குப் போனார். அங்கே ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார் என்று பிறகு தெரிந்தது. அக்கா சின்னவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள்.

சின்னவளுக்கு அரசுக் காப்பீட்டில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று மருத்துவ முகாமில் சொன்னார்கள். சின்ன வயதிலேயே வைத்தால் பேச்சு வந்துவிடுமாம். அக்கா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ அசைந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும் குழந்தையைக் கொண்டுபோனோம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுப்பதுபோல் இசிஜி எடுத்தார்கள். எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தாள். பிறகு எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இதய டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் எங்கள் வயதுப் பெண். தாளை மேஜையில் விரித்துவைத்து, நிதானமாகக் கேட்டார்.

"குழந்தை ஓடும்போது, பயந்தா, மயங்கி விழுந்திருக்காளா?"

"இல்லீங்க. இவ இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல."

"சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமன்."

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? தூக்கத்துல, விளையாடும்போது, தண்ணில நீந்தும்போது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். பெரியவளுக்கும் காது கேட்காது என்றேன். வலிப்பு மாத்திரை என்றேன். பாலாறு என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தன்னைத் தயார்படுத்திக்கொள்ள ஒரு இடைவெளி எடுக்கிறது, இந்தக் குழந்தைக்கு அது ரொம்ப நீண்டிருக்கிறது என்று விளக்கினார். அந்த நேரத்தில் ஓட்டமோ பயமோ திடீர்க் குளிர்ச்சியோ வந்தால் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். பொட்டாசியத்தை வெளியே விடுகிற ஒரு வாயில் இருக்கிறது, சவ்வில் புதைந்த புரதம், அதே வாயில் இதயத்திலும் உண்டு, உள்காதிலும் உண்டு. அதை எழுதும் மரபணுவின் பழுதான பிரதி அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால் காதும் கேட்காது, இதயமும் இப்படி ஆகும்.

டாக்டர் சொன்ன சவ்வுப் புரதத்தை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என் திரையில் சுழன்றுகொண்டிருந்த வகை. எங்கோ வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவுக்காக நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த புரதத்தின் உறவுக்காரன் எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறான்.

அக்கா கேட்டது வேறு. "அப்போ என் பெரிய பொண்ணு முழுவல?"

"அப்படி உறுதியா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. அந்தக் குழந்தையோட ரத்தம் எங்கேயும் எடுத்து வைக்கல. ஆனா சந்தேகப்பட நிறைய காரணம் இருக்கு."

சின்னவளுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். மயக்க மருந்து ஆபத்து என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். மரபணுச் சோதனைக்கு எல்லாருடைய ரத்தமும் போனது. மாமா வாலாஜாபாத்திலிருந்து வந்து, கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார். அக்கா அப்போது வராண்டாவின் அந்தக் கோடியில் நின்றாள்.

முடிவு வந்தபோது அந்தப் பொட்டாசியம் வாயிலின் எழுத்து வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அக்காவிடம் ஒரு பிரதி, மாமாவிடம் ஒரு பிரதி, சின்னவளிடம் இரண்டு. அம்மாவிடமும் இருந்தது. என்னிடமும். ஆனால் இந்த மாற்றம் இதற்கு முன் எங்கும் பதிவாகவில்லை, ஆகவே விளைவு என்னவென்று உறுதியாகத் தெரியாது என்று கீழே போட்டிருந்தார்கள். டாக்டருக்கு இசிஜி போதும், மாத்திரை தொடரும். எங்கள் வீட்டுக்கு அது போதவில்லை.

"ஒரே ஒரு எழுத்தா?" என்றாள் அக்கா. "புடவைல ஒரு இழை போச்சுன்னா நாங்க தள்ளுபடில போட்டு வித்துடுவோம். யாருக்கும் கண்ணுக்கே தெரியாது. ஒரு எழுத்துல ஒரு உசுரு போவுமா?"

"போகும்க்கா. எந்த எழுத்து, எந்த இடம்ங்கறதப் பொறுத்து."

"நீ இதத்தானே பண்ற? உன் மெஷின்ல போட்டுப் பாரேன். இந்த எழுத்து மாறினா அந்த வாசலு ஒடஞ்சிடுமான்னு சொல்லும்ல?"

அவள் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. வாயில் உடைந்ததென்றால், மாமா கையை விடவில்லை. உடையவில்லை என்றால், விட்டார். அவளுக்கு அந்த இரண்டில் ஒன்று வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே, சரியான வரிசையையும் எழுத்து மாறிய வரிசையையும் புதிய நிரலில் கொடுத்தேன். அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். முதல் உருவம் வந்தது, சுருள் சுருளாக. நான்கு துண்டுகள் சேர்ந்து நடுவில் ஓட்டை உள்ள வாயில். இரண்டாவதும் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. இரண்டுக்கும் தன் கணிப்பில் நல்ல நம்பிக்கை இருப்பதாகவே நிரல் நிறத்தால் காட்டியது.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது?" என்றாள் அக்கா.

"ஆமா. ஆனா..."

"அப்போ ஒண்ணும் ஒடயல."

"அக்கா, இரு. இந்த நிரலுக்கு ஒரு குறை இருக்குது. இது ஆரோக்கியமான புரதங்களைப் பார்த்துப் பழகினது. ஒரு எழுத்த மாத்தினா கண்டுக்காது. பழகின உருவத்தையே வரைஞ்சு குடுத்துடும். ஒடைஞ்சத ஒடைஞ்சதுன்னு காட்டத் தெரியாது."

"ஒடைஞ்சத காட்டத் தெரியாத மெஷின வச்சிக்கினா இத்தினி வருசமா படிச்ச?"

அவள் எழுந்துபோய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. கட்டுரைகளில் நாங்கள் அதை இரண்டு வரியில், வரம்புகள் என்ற தலைப்புக்குக் கீழே எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

சில நாட்கள் கழித்துப் பழைய முறைக்குப் போனேன். எழுத்து மாறிய இடம் சவ்வுக்கு நட்ட நடுவில், எண்ணெய்க்குள் நிற்கிற சுருளில் இருந்தது. அங்கே இருக்க வேண்டியது மிகச் சிறிய அமினோ அமிலத்தின் எழுத்து. எங்களிடம் அந்த இடத்தில் இருந்ததோ பருமனான, மின்சுமை உள்ள, தண்ணீரைத் தேடுகிற எழுத்து. எண்ணெய்க்குள் அது நிம்மதியாக நிற்காது. அதே புரதத்தைக் கோழி, மீன், தவளை, மாடு என்று அடுக்கிப் பார்த்தேன். மற்ற இடங்களில் எழுத்துகள் இஷ்டத்துக்கு மாறியிருந்தன. அந்த ஓர் இடத்தில் எல்லா உயிரிலும் ஒரே எழுத்து. கோடிக்கணக்கான வருஷத்தில் அங்கே மாறிப் பிறந்தது எதுவும் பிழைக்கவில்லை என்றுதான் நான் அதைப் படித்தேன்.

அதுவும் ஊகம்தான். என் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் வேறு ஊரில் ஓர் ஆய்வகத்துக்கு எழுதினார். வளர்ப்பு செல்களில் இந்தப் புரதத்தைச் செய்யவைத்து, செல்லின் மேல் கண்ணாடி ஊசி வைத்து மின்னோட்டத்தை அளக்கிறவர்கள் அவர்கள். செய்து தருகிறோம் என்றார்கள், வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள்.

காத்திருந்த காலத்தில் சின்னவள் நடந்தாள், ஓடக் கூடாது என்று சைகையில் கற்றுக்கொண்டாள். ஆபரேஷனுக்கு டாக்டர்கள் ஒருவழியாகச் சம்மதித்தபோது காப்பீட்டின் வயது வரம்பைத் தாண்டியிருந்தாள். உறவுக்காரர்கள் வீடுகளுக்கு நானும் அம்மாவும் போய், எல்லாரும் ஒரு இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். சிலர் எடுத்தார்கள். ஓர் அத்தை காபி கொடுத்துவிட்டு, "எங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லமா, இத போயி வெளிய சொல்லாத, பொண்ணு கட்டணும்" என்றாள். தன் தம்பிக்கு மகளைக் கொடுத்தவள் அம்மாதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "எங்கிட்டயும் கீதுன்னு போட்டுட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தபோது தெளிவாக இருந்தது. மாறிய எழுத்தோடு செய்த புரதம் செல்லின் சவ்வுக்கே வந்து சேரவில்லை. உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. மின்னோட்டம் இல்லவே இல்லை. டாக்டரிடம் காட்டினேன். மூத்தவளின் காது, மயக்கங்கள், குளிர்ந்த தண்ணீர், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார்.

முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாலாஜாபாத்துக்குப் போனேன். மில் வாசலில் தவிட்டுத் தூசு பறந்துகொண்டிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். புருவமெல்லாம் வெளுத்திருந்தது, தூசா நரையா என்று தெரியவில்லை.

"வா மா. புள்ள நல்லாக்கீதா?"

நல்லா இருக்கிறாள் என்றேன். பிறகு சொன்னேன். முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். தண்ணீர் இழுக்கவில்லை, மூச்சு முட்டவில்லை, நின்றுகொண்டிருக்கும்போதே இதயம் நின்றிருக்கிறது, அதனால்தான் கை தொய்ந்தது.

"அப்போ நான் விடல?"

"விடல மாமா."

அடுக்கியிருந்த மூட்டைமேல் உட்கார்ந்தார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"இத்தினி பேரு சொன்னதும் நானே விட்டுட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்மா. மொதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு, புடிச்சிருந்தது. அப்புறம் அந்த ஞாபகமே போயிடுச்சு. இப்போ கனவு வந்தாலும் நான் விடறாப்பலதான் வருது. நீ வந்து விடலன்ற. எனக்குப் புடிச்சிருந்தது ஞாபகம் வரமாட்டேங்குதே."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மாத்திரை அப்போவே குடுத்திருந்தா இருந்திருப்பாளா?"

"இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது மாமா."

தலையாட்டினார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் புடவைக் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் அப்படியே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் போனபோது அழாதவள், அன்று குழந்தை பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதாள். சின்னவள் ஓடிவந்து, இல்லை, வேகமாக நடந்துவந்து, அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அக்கா தனியாக வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினாள். கூப்பிட்டுக்கொண்டு வருவாள் என்று அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மதியத்துக்கு மேல் அக்கா மட்டும் வந்தாள்.

"இன்னா சொன்னான்?" என்று அம்மா கேட்டாள்.

"வரலன்னுட்டாரு."

"நீ மன்னிப்பு கேட்டியா?"

"கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல, அத்தினி ஜனத்துக்கு நடுவுல, கால்ல வுழுந்து கேட்டேன். தூக்கி வுட்டாரு. கோவமெல்லாம் இல்லன்னாரு." அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் சொன்னப்போ நம்பல, லேபு சொன்னப்போ நம்புறியேன்னு கேட்டாரு. சத்தமா கூட கேக்கலமா. சாதாரணமாத்தான் கேட்டாரு. அப்பிடியே பஸ் ஏறி வந்துட்டேன்."

அம்மா குழம்புச் சட்டியை மூடினாள். யாரும் சாப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தின் அந்த எழுத்து மாற்றம் இப்போது பொதுத் தரவுத்தளத்தில், தீங்கு விளைவிப்பது என்ற வகையில் சேர்ந்திருக்கிறது. உலகத்தில் வேறு எங்காவது ஒரு குழந்தைக்கு இதே எழுத்து மாறியிருந்தால், அங்கிருக்கும் டாக்டர் தெரியாது என்று எழுத வேண்டியிருக்காது. என் வேலையால் ஆனது அவ்வளவு. நான் இப்போது பாக்டீரியாக்களை விட்டுவிட்டு, மனிதச் சவ்வுப் புரதங்களில் ஓர் எழுத்து மாறினால் நிரல் அதைக் கண்டுகொள்ளும்படி செய்ய முடியுமா என்று பார்க்கிற குழுவில் இருக்கிறேன். பாதி நேரம் அது தப்பாகச் சொல்கிறது.

சின்னவள் காலையிலும் சாயங்காலமும் மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். குழந்தையோடு மாடியில் உட்கார்ந்து விரலால் ஏதேதோ பேசிக்கொண்டிருப்பார், அம்மா கொடுப்பதைச் சாப்பிடுவார், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார். ஞாயிறாக இருந்த தன் வார விடுமுறையை அக்கா புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.